ஒன்றுக்கு எண்பது

எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு
நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும்.
வாங்கி வைத்தது வியாழனோடு முடிந்துவிட்டது.
புதுப் பெட்டி இன்னும் கட்டுநாயக்கவில், சுங்கத்தின் கையில்.
"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லதானே,
கைய நீட்டுங்க" என்றாள் ஷஸ்னா.
நீட்டினேன்.

இருட்டறை. பொறளைச் சந்தியின் ஹோர்ன் சத்தம்
இரண்டு கதவு தாண்டி, ஏசியோடு கரைந்து வரும்.
ஸ்லைடில் பன்னிரண்டு குழி.
முதலாவது நேர்மறை, இரண்டாவது நான், மிச்சம் நோயாளிகள்.
நான் கறுப்பாக இருக்கவேண்டும்.
அன்றைக்கு என் வேலை அவ்வளவுதான்.

இருக்கவில்லை.
ஒவ்வொரு செல்லின் கருவிலும் பொடிப்பொடியாய்ப் பச்சை.
மத்தியான வெயிலில் பேர வாவி
கரையோரம் காட்டுமே, அந்தப் பச்சை,
அதைவிடக் கொஞ்சம் வெட்கத்தோடு.
கழுவியது சரியில்லை என்று மறுபடி செய்தோம்.
மறுபடியும் மினுங்கினேன்.

ஏ.எல். படிக்கையில் மனப்பாடம் செய்த சொல்:
பிறபொருளெதிரி.
பிற, பொருள், எதிரி. ஒழுங்காய்ப் பூட்டிய மூன்று பெட்டி.
இப்போது முதற்பெட்டி கழன்று கிடக்கிறது.
பிற எங்கே?
பொருள் நான். எதிரியும் என் வீட்டில் சமைத்ததுதான்.

டொக்டர் வீரகோன் எட்டிப் பார்த்தார்.
ஒன்றுக்கு எண்பதுதானே, சுகதேகிகளுக்கும் வரும், என்றார்.
தேத்தண்ணி ஆறுகிறது என்று போய்விட்டார்.
எனக்குத் தெரியாததா. எத்தனை பேருக்கு
நானே சொல்லியிருக்கிறேன்.

நூற்றைம்பத்துநாலில் ஜன்னலோரம் கிடைத்தது.
தும்முல்லையில் பஸ் அசையாமல் நிற்க
என் எலும்புக்குள் போனேன்.
அங்கே, என்பு மச்சையில், எவரும் பார்த்துச் செய்வதில்லை.
மரபணுத் துண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டி
பி செல்லுக்கு ஒரு கை செய்கிறார்கள்.
அந்தக் கை எதைப் பிடிக்கும்? பக்கத்தில் இருப்பதை.
பக்கத்தில் இருப்பது நான்.
பிறக்கிறவற்றில் பாதிக்கு மேல் என்னைத்தான் பிடிக்குமாம்.

இந்த இடத்தில் சோதனைச்சாவடி என்று எழுதினால்
எல்லோரும் தலையாட்டுவார்கள்.
காலி வீதியில் அட்டையோடு நீண்ட கை என்னுடையதுதான்,
இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் மச்சையில் நடப்பது வேறு.
அங்கே சோதிக்கப்படுவது காவல்காரன்.
என்னைக் காட்டி,
இவளைக் கண்டால் துவக்கைத் தூக்குவாயா என்று கேட்கிறார்கள்.
இறுக்கிப் பிடித்தவன் கையை மாற்றவேண்டும்,
மாற்றியும் சரிவராதவன் அங்கேயே சாவான்.
மெல்லப் பிடித்தவனை வெளியே விடுகிறார்கள்,
வாயைக் கட்டி.

வாய் கட்டியவர்கள்தான் எனக்குள் ஓடுகிறார்கள்.
நாளுக்கு ஆயிரம் தரம் என்னில் முட்டி,
தெரிந்தும் தெரியாதவர் மாதிரி.
வெள்ளவத்தைச் சந்தையில் பழைய பகையாளி
கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே ஒதுங்குவாரே, அப்படி.
பொறுதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.
அன்பு என்று அது சொல்லவில்லை.

போன ஜூனில் டெங்கு வந்து பிழைத்தேன்.
நிணநீர்க்கணுவின் சூட்டில் எழுத்து ஒன்றிரண்டு பிசகி
என்னை விட்டுவிட்டு வைரஸைப் பிடித்தவர்களில்
இந்த ஊமைகளில் சிலர் இருந்திருக்கலாம்.
அப்படி நடப்பதுண்டு.
எனக்கு நடந்ததா என்று எந்த ஸ்லைடும் சொல்லாது.

நாலாம் குழி, மருதானை, வயது இருபத்துமூன்று.
ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபதிலும் அணையவில்லை.
ரிப்போர்ட் எடுக்க வந்தவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
"என்ட உடம்புக்கு என்னோட என்ன கோவம்?" என்றாள்.
கோபமில்லை பிள்ளை, யாரோ வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டார்கள்
என்று சொல்லவா?
கிளினிக் புதன்கிழமை, என்றேன்.
உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

ஷஸ்னாவின் இரத்தம் நல்ல கறுப்பு. அதையே வைத்தோம்.
என்னுடையதைக் கொட்டப் போனவளைத் தடுத்து
லேபல் எழுதினேன், பெயர் போடாமல்:
மெல்லிய நேர்மறை, ஒன்றுக்கு எண்பது.
மைனஸ் இருபதில், மேல் தட்டில் இருக்கிறேன்.
இனி வருகிற மங்கல் பச்சைகளை
என்னோடு வைத்துப் பார்த்துத்தான்
ஆமா இல்லையா என்று எழுதுவார்கள்.